பள்ளி ஆறு மணி வரை நடக்க வேண்டுமா, திறந்திருக்க வேண்டுமா?

கேள்வி: நாங்கள் பெங்களூரு கே.ஆர்.புரத்தில் இருக்கிறோம். சொந்த ஊர் குடியாத்தம். நான் ஒயிட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். காலை ஒன்பதரை முதல் மாலை ஆறரை வரை வேலை. கணவருக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. வீடு வந்து சேர எட்டரை ஆகிவிடும். ஒரே மகள், எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. காலை 7.20-க்கு வேன் வரும். பள்ளி 8.20 முதல் 3 மணி வரை. 3.40-க்கு வேன் வீட்டு வாசலில் இறக்கிவிடும். இரண்டு வருடம் கீழ்வீட்டுப் பாட்டி அவளைப் பார்த்துக்கொண்டார். போன தசரா விடுமுறையில் அவர் ஓசூரில் இருக்கும் மகனோடு போய்விட்டார். அதிலிருந்து வீட்டுச் சாவியை மகளின் பையில் வைத்து அனுப்புகிறேன். உள்ளே வந்து தாழ்ப்பாள் போட்டதும் எனக்குப் போன் செய்வாள். நான் 7.15-க்கு வருவேன். சமர்த்தாகத்தான் இருக்கிறாள். சாப்பாடுதான் சரியில்லை, கொஞ்ச நாளாக டிபன் பாக்ஸில் பாதி மதியத்தில் மிச்சம் வைக்கிறாளாம், வகுப்பு ஆசிரியை சொன்னார். இப்போது எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில், பள்ளி நேரத்தை அலுவலக நேரம் மாதிரி 9 முதல் 6 வரை ஆக்கச் சொல்லி நிர்வாகத்துக்கு மனு கொடுக்கப் போகிறார்கள். நான் கையெழுத்துப் போடலாமா? "பெத்தவங்க வசதிக்காக புள்ளைய நாள் முழுக்க ஸ்கூல்ல அடைக்கணுமா?" என்று மாமியார் கேட்கிறார். வீட்டுக் கடன் இருக்கிறது, வேலையை விட முடியாது. நான் சுயநலமாக யோசிக்கிறேனா?

ஒரு வாசகி, கே.ஆர்.புரம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மனுவைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் சாவி.

எட்டு வயதுக் குழந்தை தினமும் மூன்றரை மணி நேரம் தாழ்ப்பாள் போட்ட வீட்டில் தனியாக இருக்கக் கூடாது. இது உங்களுக்கும் தெரியும். தெரிந்ததால்தான் இவ்வளவு நீளமாக எழுதியிருக்கிறீர்கள். அவள் சமர்த்து என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எல்லாம் ஒழுங்காக நடக்கிற நாளில்தான் சமர்த்து உதவும். சாவி பூட்டுக்குள்ளேயே மாட்டிக்கொண்டால், லிஃப்ட் பாதியில் நின்றால், கூரியர் என்று சொல்லி யாராவது மணியை அடித்துக்கொண்டே இருந்தால், பாத்ரூமில் வழுக்கி விழுந்தால் என்ன செய்வது என்று எட்டு வயதுக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய வயதும் இல்லை. குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. 22 வருடமாக இந்த ஊர்ப் பள்ளிகளில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். பையில் சாவியோடு வரும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய அம்மாக்களில் ஒருவர்கூடப் பொறுப்பில்லாதவர் கிடையாது. இந்த ஏற்பாட்டை இந்த வாரமே நிறுத்தியாக வேண்டும். எப்படி என்று பின்னால் சொல்கிறேன்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் சுயநலமாக யோசிக்கவில்லை. உங்கள் கடிதத்திலேயே ஒரு விஷயம் இருக்கிறது, கவனித்தீர்களா? இதே பள்ளி, இதே மூன்று மணி, இதே வேன். இரண்டு வருடம் ஒரு சிக்கலும் இல்லாமல் ஓடியது. தசராவுக்குப் பிறகு பள்ளி நேரம் மாறவில்லை. பாட்டிதான் இல்லாமல் போனார்.

நான் பிறந்தது கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் பக்கம். அப்பாவுக்குச் சுரங்கத்தில் வேலை. ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும். சங்கு ஊதினால் கிளம்புவார், இன்னொரு சங்குக்கு வருவார். பள்ளிக்கூட மணி அந்தச் சங்கைப் பார்த்து ஒருநாளும் அடித்ததில்லை. அம்மாவும் வீட்டு வேலைக்குப் போனதால், நான் பள்ளி விட்டு வரும்போது பாதி நாள் வீடு பூட்டித்தான் இருக்கும். ஆனால் நாங்கள் இருந்தது லைன் வீடு. ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டிய வீடுகள். எந்த வாசலில் பையை இறக்கினாலும் அந்த வீட்டுக் கணக்கில் எனக்கு ஒரு டம்ளர் டீ உண்டு. முட்டி கிழிந்தால் யார் வீட்டு மஞ்சள் என்று யாரும் பார்க்க மாட்டார்கள். 2001-ல் சுரங்கத்தை மூடினார்கள். வேலை தேடி பெங்களூருக்கு ரயில் ஏறிய எங்கள் ஊர்க்காரர்கள் பாத்திரம் பண்டம் எல்லாம் கொண்டுவந்தார்கள். லைனைக் கொண்டுவர முடியவில்லை. உங்கள் கீழ்வீட்டுப் பாட்டிதான் உங்கள் மகளுக்கு லைனாக இருந்திருக்கிறார்.

அதனால் அந்த மனுவைப் பற்றிப் படித்ததும் எனக்குத் தோன்றியது இதுதான்: வலி எங்கே என்று சரியாகச் சொல்லிவிட்டு, மருந்தைத் தவறாகக் கேட்கிறீர்கள். உங்களுக்கு வேண்டியது மூன்று மணிக்கு மேல் குழந்தை பத்திரமாக இருக்க ஓர் இடமும், அங்கே அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஒரு பெரியவரும். மனு கேட்பதோ மூன்று மணிக்கு மேலும் பள்ளி நடக்க வேண்டும் என்று. இரண்டும் ஒன்று மாதிரித் தெரியும். குழந்தையின் உடம்புக்கு இரண்டும் வேறு வேறு.

ஒரு கணக்குப் பாருங்கள், கணக்கு உங்கள் துறைதானே. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை வருடத்துக்குக் குறைந்தது 200 வேலை நாள், 800 மணி நேரக் கற்பித்தல் வேண்டும் என்கிறது. வகுத்தால் ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம். ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கு 220 நாள், 1,000 மணி நேரம். நாளொன்றுக்கு நாலரை மணி நேரத்தை அது கொஞ்சம்தான் தாண்டுகிறது பாருங்கள். உங்கள் மகள் ஏற்கெனவே ஆறு மணி நாற்பது நிமிடம் பள்ளியில் இருக்கிறாள். இடைவேளை, சாப்பாடு, அசெம்பிளி போக மீதி இருப்பதே சட்டம் கேட்பதைவிட அதிகம். அதை ஒன்பது மணி நேரம் ஆக்கினால் அந்தக் கூடுதல் நேரத்தில் பள்ளி என்ன செய்யும்? எனக்குத் தெரிந்தவரை, பீரியட் போடும். இன்னொரு கணக்கு பீரியட், இன்னொரு இந்தி பீரியட், அதற்கு ஒரு நோட்டு, அந்த நோட்டுக்கு வீட்டுப்பாடம். கட்டணமும் ஏறும்.

எப்போதாவது மதியம் இரண்டே முக்காலுக்கு ஒரு மூன்றாம் வகுப்பை ஜன்னல் வழியாகப் பார்க்கக் கிடைத்தால் பாருங்கள். ஒருத்தி ஷூவைக் கழற்றி, பெஞ்சுக்கு அடியில் கால் கட்டைவிரலால் சாக்ஸை உருட்டிக்கொண்டிருப்பாள். ஒரு பையன் கூராக இருக்கும் பென்சிலை மறுபடி சீவுவான். சீவச் சீவ பென்சில் முனை மட்டும்தான் மிஞ்சும். நான்கு பேருக்கு ஒரே நேரத்தில் தண்ணீர் தவிக்கும். டீச்சர் குரல் ஒரு சுருதி ஏறியிருக்கும். பாவம், அவருக்கும் முடிந்துபோயிருக்கும். குழந்தைகள் அடங்காததால் இப்படி நடப்பதில்லை. அந்த வயது உட்கார்ந்து கற்றுக்கொள்ளும் அளவு அவ்வளவுதான். அதற்கு மேல் அவர்களுக்கு வேண்டியது ஓட்டம், தீனி, கொஞ்சம் சும்மா இருப்பது.

மனுவைப் பற்றி நீங்கள் எழுதியதில் டீச்சர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. அதே சட்டம் ஆசிரியருக்கு, பாடத் தயாரிப்பையும் சேர்த்து, வாரத்துக்கு 45 மணி நேரம் என்கிறது. தினம் ஒன்பது முதல் ஆறு வரை வகுப்பிலேயே ஐந்து நாளில் அது தீர்ந்துவிடும். நோட்டுத் திருத்துவதும் அடுத்த நாள் பாடத்தைப் பார்ப்பதும் இரவு வீட்டில்தான். அந்த வீட்டிலும் ஒரு பிள்ளை இருக்கும்.

ஒரு பள்ளியில் நான் வேலை பார்த்தபோது, மாலை வரவேற்பறையில் ஒரு யூகேஜி பையன் தினம் கடைசியாக உட்கார்ந்திருப்பான். பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டையே பார்ப்பான். ஒவ்வொரு பைக் சத்தத்துக்கும் பாதி எழுந்து மறுபடி உட்காருவான். கூட இருக்கும் ஆயா, போய்விட்ட 5.40 பஸ்ஸுக்காக வாசலைப் பார்ப்பார். ஒருநாள் அவன் ஆயாவிடம் கேட்டான்: "ஆயா, உங்க பாப்பா இப்போ யார்கூட இருக்கா?" ஆயா பதில் சொல்லவில்லை. அவன் ஷூ லேஸை அவிழ்த்து மறுபடி கட்டிவிட்டார். அவர் மகள் ஈஜிபுராவில் வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள், பத்து வயது. நம் பிள்ளைக்காக நாம் கேட்கும் ஒவ்வொரு மணி நேரமும் இன்னொரு வீட்டுப் பிள்ளையிடமிருந்து எடுக்கப்படுகிறதா என்று பார்த்துத்தான் கேட்க வேண்டும்.

அப்புறம், பெற்றோரின் வேலை நேரத்துக்குப் பள்ளி நேரம் பொருந்த வேண்டும் என்றால், எந்தப் பெற்றோர்? உங்களுக்கு ஒன்பதரை முதல் ஆறரை. உங்கள் மகளின் பெஞ்சிலேயே லண்டன் நேரத்துக்கு வேலை செய்யும் அப்பா ஒருவர் இருக்கலாம். மதியம் போனால் இரவு பத்தரைக்கு மேல்தான் வருவார். அவர் பிள்ளை மூன்று மணிக்கு வந்தாலும் ஆறு மணிக்கு வந்தாலும் அப்பா வீட்டில் இருக்க மாட்டார். ஓசூர் ரோடு கார்மென்ட்ஸுக்குப் போகும் அம்மா எட்டு மணிக்கே கிளம்பியாக வேண்டும். கே.ஆர். மார்க்கெட்டில் பூ எடுப்பவர் விடியுமுன் போய் மதியத்துக்குள் திரும்பிவிடுவார். வீட்டு வேலை செய்யும் அம்மாவும் அப்படித்தான். இந்த ஊரில் வேலைக்கு ஒரே கடிகாரம் கிடையாது. ஆனால் எட்டு வயதுக் குழந்தைக்குத் தூக்கம் வரும் நேரமும் பசிக்கும் நேரமும் எல்லா வீட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். பள்ளி நேரம் அதைப் பார்த்துத்தான் அமைய வேண்டும்.

தூக்கம் என்றதும் சொல்லிவிடுகிறேன். மனுவின் முன்பாதியோடு, அதாவது ஒன்பது மணிக்குத் தொடங்குவதோடு, எனக்கு முழு உடன்பாடு. ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை ஒரு நாளைக்கு ஒன்பதிலிருந்து பன்னிரண்டு மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது தூக்க மருத்துவர்கள் சொல்லும் அளவு. 7.20 வேனுக்கு உங்கள் மகள் ஆறு மணிக்காவது எழ வேண்டும். அப்பா வருவதே எட்டரைக்கு. அவரைப் பார்த்து, பேசி, படுக்கப் பத்து ஆகாதா? எட்டு மணி நேரம்தான் தேறும். மகாராஷ்டிராவில் 2024-ல் அரசே, நான்காம் வகுப்பு வரைக்கும் காலை ஒன்பதுக்கு முன்னால் வகுப்பு தொடங்கக் கூடாது என்று சொன்னது. கலிஃபோர்னியாவில் 2022 முதல் உயர்நிலைப் பள்ளிகள் எட்டரைக்கு முன் தொடங்க முடியாது. அங்கே சட்டமே அப்படி. இரண்டு இடத்திலும் காரணம் குழந்தையின் தூக்கம்தான்.

நம் ஊரில் இதற்கு ஒரு முட்டுக்கட்டை உண்டு. டின் ஃபேக்டரி சந்திப்பில் தினம் நிற்பவர் நீங்கள், சொல்லவே வேண்டாம். ஒன்பது மணிக்குப் பள்ளி வேனும் கம்பெனி பஸ்ஸும் சேர்ந்து வந்தால் என்ன ஆகும் என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. 2023-ல் கர்நாடக உயர் நீதிமன்றம், நெரிசலைக் குறைக்கப் பள்ளி நேரத்தையும் தொழிற்சாலை நேரத்தையும் மாற்றிப் பார்க்க முடியுமா என்று அரசை யோசிக்கச் சொன்னது. கல்வித் துறை கூட்டம் போட்டுக் கேட்டது. பள்ளிகள் ஒப்பவில்லை, வேன்காரர்கள் ஒப்பவில்லை, பெற்றோரும் ஒப்பவில்லை. இன்னும் சீக்கிரம் தொடங்கினால் குழந்தை ஐந்து மணிக்கு எழ வேண்டும், யார் ஒப்புவார்கள்? இதில் எனக்குத் தீராத வருத்தம் ஒன்று உண்டு. ரோட்டில் நெரிசல் என்றால் நம் கை முதலில் குழந்தையின் கடிகாரத்துக்குத்தான் போகிறது. லேப்டாப்போடு வேலை செய்யும் பெரியவர் பத்தரைக்கு வந்தால் என்ன குறைந்துவிடும்?

வெளியூர் உதாரணம் ஒன்று சொல்கிறேன், உங்கள் குழுவில் யாராவது "ஃபாரின்ல எல்லாம்" என்று ஆரம்பித்தால் உதவும். ஜெர்மனியில் காலம் காலமாகப் பள்ளி மதியத்தோடு முடிந்துவிடும். அம்மா வீட்டில் இருப்பார் என்ற கணக்கில் போட்ட நேரம் அது. அம்மாக்கள் வேலைக்குப் போனார்கள், மதியம் பெரிய பாடாகிவிட்டது. அவர்கள் பாடத்தை ஆறு மணி வரை இழுக்கவில்லை. 2026 ஆகஸ்டில் ஒன்றாம் வகுப்பு சேரும் குழந்தைகளில் தொடங்கி, வார நாட்களில் பள்ளி நேரத்தையும் சேர்த்து எட்டு மணி நேரம் பராமரிப்பு கிடைப்பதைக் குழந்தையின் உரிமையாகவே சட்டத்தில் எழுதிவிட்டார்கள். ஸ்வீடனில் பள்ளியை ஒட்டியே, பள்ளிக்கு முன்னும் பின்னும் பிள்ளைகள் இருக்க ஓய்வுநேர மையங்கள் உண்டு. அங்கே விளையாட்டு, கைவேலை, சிற்றுண்டி. அதற்கென்று தனி ஆட்கள்.

நம் சட்டமும் இதை யோசிக்காமல் இல்லை, ஆனால் ஆறு வயதில் நின்றுவிட்டது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்திலேயே குழந்தைக் காப்பகம் வந்தது, ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு. 2017-ல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தியபோது, 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடங்களில் காப்பகம் வேண்டும், அம்மா நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்த்து வரலாம் என்று வந்தது. மத்திய அரசின் வழிகாட்டுதலும் ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை என்றுதான் பேசியது. குழந்தை ஒன்றாம் வகுப்பு சேர்ந்ததும் அதன் மாலை நேரம் யாருடைய பொறுப்பு என்று எந்தத் தாளிலும் இல்லை. உங்கள் வீட்டுச் சாவி அந்த இடைவெளியில்தான் தொங்குகிறது. ஏழு வயதில் குழந்தை தானே வளர்ந்துவிடும் என்று நினைத்து எழுதியவர்கள் யாரோ!

ஆகவே கையெழுத்துப் போடுங்கள், ஒரு வரியை மாற்றிய பிறகு. "பள்ளி நேரத்தை 9 முதல் 6 வரை ஆக்க வேண்டும்" என்ற இடத்தில் இப்படி எழுதச் சொல்லுங்கள்: "வகுப்புகள் ஒன்பது மணிக்குத் தொடங்கி மூன்றரைக்கு முடியட்டும். வேண்டும் என்கிற குழந்தைகளுக்காகப் பள்ளி வாசல் காலை ஏழரை முதல் மாலை ஆறரை வரை திறந்திருக்கட்டும். மூன்றரைக்கு மேல் பாடம் வேண்டாம், வீட்டுப்பாடம் கட்டாயம் வேண்டாம். சிற்றுண்டி, விளையாட்டு, நூலகம் போதும். அதைப் பார்க்க ஆசிரியர்கள் அல்லாத தனி ஆட்களைப் போடுங்கள்." கூடவே வேனையும் எழுதுங்கள், இதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். மாலை ஆறு மணிக்கு ஒரு ட்ரிப் இல்லையென்றால், திறந்திருக்கும் வாசல் கார் வைத்திருக்கும் வீடுகளுக்குத்தான் பயன்படும். உங்கள் வேன்காரர் மூன்று மணி ட்ரிப்பை முடித்துவிட்டு வேறு சவாரி எடுப்பவராக இருப்பார். குறைந்தது பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளாவது சேர்ந்தால்தான் அவருக்குக் கட்டுப்படியாகும். அதனால் மனுவோடு, எத்தனை குடும்பங்களுக்கு இது வேண்டும், எந்தப் பக்கம் வீடு, மாதம் எவ்வளவு தர முடியும் என்று ஒரு பட்டியலும் இணையுங்கள். வெறும் கோரிக்கையை நிர்வாகம் ஃபைலில் வைத்துவிடும். பெயரும் எண்ணிக்கையும் இருந்தால் பேச உட்காருவார்கள். கோடை விடுமுறைக்கும் தசராவுக்கும் என்ன என்பதையும் அதே மூச்சில் கேட்டுவிடுங்கள். உங்கள் அலுவலகத்துக்கு ஏப்ரல், மே விடுமுறை கிடையாதே.

இது நடக்க ஒரு வருடம் ஆகலாம். அதுவரை?

உங்கள் கடிதத்தில் கணவரைப் பற்றி ஒரே ஒரு வரி இருக்கிறது: எட்டரைக்கு வருகிறார் என்று. அவரும் இதில் பாதி. எலெக்ட்ரானிக் சிட்டியில் பல இடங்களில் சீக்கிரம் உள்ளே போய்ச் சீக்கிரம் கிளம்ப விடுகிறார்கள். ஆறரைக்கு வீட்டிலிருந்து கிளம்பி நாலரைக்கு அங்கிருந்து புறப்பட்டால், சில்க் போர்டு சந்திப்பை நெரிசல் முற்றுவதற்கு முன் தாண்டலாம். வாரத்தில் இரண்டு நாள் அவர் அப்படி வரட்டும். நீங்கள் உங்கள் மேனேஜரிடம் இரண்டு நாள் கேளுங்கள், பொத்தாம் பொதுவாக வேண்டாம். "குடும்பச் சூழ்நிலை காரணமாக" என்று கேட்டால் "பார்க்கலாம்" என்றுதான் பதில் வரும். செவ்வாயும் வியாழனும், காலை ஏழரைக்கே வீட்டிலிருந்து லாகின், மூன்றரை முதல் நாலரை வரை இடைவெளி, அப்புறம் ஐந்தரை வரை; மாதக் கடைசி நான்கு நாளும் கணக்கு முடிக்கும் நாட்களும் நீங்கலாக; மூன்று மாதம் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். இப்படி மெயிலில் எழுதுங்கள். முடிக்கும் நாட்களை நீங்களே விலக்கிவிட்டால், மறுக்க அவருக்குக் காரணம் குறையும்.

மீதி நாட்களுக்கும், அவர் வந்து சேரும் வரையிலான அந்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்கும் ஆள் தேட வேண்டும். உங்கள் அபார்ட்மென்ட் குழுவில் கேட்டுப் பாருங்கள், கூச்சப்படாதீர்கள். பேரப்பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் ஒரு தாத்தா பாட்டியாவது எந்த பிளாக்கிலும் இருப்பார்கள். பணம் கொடுத்தே செய்யுங்கள். உதவி என்றால் நான்காவது மாதம் இரண்டு பக்கமும் சங்கடம் வரும். அல்லது அதே வேனில் வரும் இன்னொரு குடும்பத்தோடு நாட்களைப் பிரித்துக்கொள்ளலாம். டே கேர் என்றால் வீட்டுக்கு நடக்கும் தூரத்தில் பாருங்கள். முதல் தடவை சொல்லிவிட்டுப் போங்கள். இரண்டாவது தடவை சொல்லாமல் ஐந்து மணிக்குப் போங்கள். கேமரா எத்தனை என்று எண்ண வேண்டாம். பெரியவர்கள் எத்தனை பேர், கழிப்பறைக் கதவு எப்படி இருக்கிறது, டிவி ஓடிக்கொண்டே இருக்கிறதா, அழும் குழந்தையிடம் யாராவது போகிறார்களா என்று பாருங்கள். யார் வந்தால் அனுப்புவார்கள் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தயவுசெய்து அந்த நேரத்தை அபாகஸ், இந்தி டியூஷன், கீபோர்டு என்று நிரப்பிவிடாதீர்கள். நிறைய வீடுகளில் டியூஷன் என்பது படிப்புக்காக இல்லை, பிள்ளையை வைத்திருக்க ஓர் இடம் வேண்டும் என்பதற்காகத்தான் நடக்கிறது. பிள்ளைக்கு அது தெரியும், ஆனால் வீட்டுப்பாடம் மட்டும் நிஜமாகவே வரும்.

மாமியாரிடம் சண்டை வேண்டாம். நாள் முழுக்க அடைக்கணுமா என்று அவர் கேட்டது சரியான கேள்வி. வகுப்பை நீட்டவில்லை, பாட்டி வீட்டை மாதிரி ஓர் இடத்தைத்தான் கேட்கிறோம் என்று சொல்லிப் பாருங்கள். அவருக்குச் சட்டென்று புரியும் என்று நினைக்கிறேன்.

கடைசியாக டிபன் பாக்ஸ். மதியம் பாதி மிச்சம் வைக்கிறாள் என்று ஆசிரியை சொன்னார், அவளுக்குச் சமையல் பிடிக்கவில்லையோ என்று உங்களுக்குக் கவலை இருக்கலாம். மிச்சம் வைத்தது வீட்டுக்குத் திரும்பி வந்ததா? இரவு பாக்ஸைக் கழுவும்போது அதில் சாப்பாடு இருந்ததாக நீங்கள் எழுதவில்லை. அப்படியென்றால் அது எங்கே போனது? என் யூகம் தப்பாகவும் இருக்கலாம், அவளிடம் கேளுங்கள், அதட்டாமல். மாலை நாலு மணிக்குப் பசிக்கும், கேஸைத் தொடக் கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறார், வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள் என்று அவளாகவே ஒரு கணக்குப் போட்டு, மதியச் சாப்பாட்டைப் பாதியாகப் பிரித்திருக்கலாம். பாட்டி இருந்தபோது இந்தப் புகார் வந்ததா என்று யோசித்துப் பாருங்கள். நாளைக் காலை அதே பையில் இரண்டாவதாகச் சின்ன டப்பா ஒன்று வையுங்கள். இது சாயங்காலத்துக்கு, மதியம் பெரிய டப்பாவை முழுசாகச் சாப்பிடு என்று சொல்லி அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்